மாஸ்டர் கேட்ட சத்தம்

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. குரல் உயர்ந்ததே கிடையாது. பாத்திரம் தேய்க்க வந்த அக்காவை வேலையிலிருந்து நிறுத்திய அன்றும் கைகூப்பித்தான் நிறுத்தினார்.

“ஏனுங்க, உங்க வேலைல ஒரு கொறையும் இல்லீங்க. அந்த வளையலு சத்தம் மட்டும் எனக்கு ஆகறதில்லீங்க. கழட்டி வெச்சுப்போட்டு வாங்க. இல்லீன்னா வேற ஊடு பாத்துக்கங்க.”

புருஷன் உயிரோடு இருக்கிற பெண்ணிடம் கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னார். அந்த அக்கா ஒரு வாரம் வளையல்களின் மேல் பழைய துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தேய்த்துப் பார்த்தாள். துணி நனைந்து நழுவி, வளையல் வெளியே வந்து, மறுபடி கலகலத்தது. அடுத்த வாரம் அவளே நின்றுவிட்டாள். “பாவமுங்க,” என்றார் அவர் என்னிடம். நிஜமாகவே வருத்தப்பட்டார். “சொன்னாப் புரிஞ்சுக்கற மனுசங்க கம்மியாப் போச்சுங்க.”

கோயமுத்தூரில் மூன்று மில்களில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான், எனக்கும். பெயரை எழுதாமல் விடுகிறேன். அவருடைய மருமகள் இப்போதும் தீபாவளிக்கு எனக்குப் போன் செய்கிறாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் காந்திபுரத்தில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டி விற்கிற ஒரு கடையில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக் முடித்திருந்தேன். மொபெட்டின் முன்பக்கத்தில் கருவிப் பையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற வேலை. மாஸ்டர் வடவள்ளியில் வீடு கட்டியிருந்தார். அப்போது அந்தப் பக்கம் தோப்புகளும் காலி மனைகளும்தான். சத்தம் இருக்காது என்றுதான் அங்கே போனதாகச் சொல்வார். போன பிறகு மருதமலைப் பக்கத்து மயில்கள் கத்துவது தெரியவந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

சின்ன மில்காரர்கள் அவரிடம் கணக்குக் கேட்டு வருவார்கள். எந்தப் பஞ்சோடு எந்தப் பஞ்சை எவ்வளவு கலந்தால் எந்த நம்பர் நூல் வரும், கழிவு எவ்வளவு போகும் என்கிற கணக்கு. அதைப் போட்டுக் கொடுக்கத்தான் எங்கள் கடையில் கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய மூன்றாம் நாள் புகார் வந்தது. மெஷின் ஓடுகிறது, கணக்கும் போடுகிறது, ஆனால் உள்ளே ஏதோ கீச்சிடுகிறது.

நான் போய்த் திறந்து பார்த்தேன். ப்ராசஸரின் தலைமேல் தீப்பெட்டி அளவில் ஒரு ஃபேன் இருக்கும். அந்தக் காலத்து ப்ராசஸர்கள் அடுப்பு மாதிரி காயும். ஃபேன் நின்றால் சில நிமிஷங்களில் மெஷின் உறைந்துபோகும். அந்தச் சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் சூடு இறங்கும், வேகமாகச் சுற்றினால் சத்தம் வரும். எல்லா மெஷினிலும் உள்ளதுதான். அதைச் சொன்னேன்.

“எல்லாத்துலயும் இருக்கறது எனக்கெதுக்குங்க அம்மணி? என்ற மெஷினுல இருக்கக்கூடாதுங்க.”

மாஸ்டருக்குப் பெருமை என்று ஒன்றுதான் இருந்தது, அவருடைய காது. ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர்கள் சுற்றுகிற ஷெட்டில், பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காத இடத்தில், வாசலில் நின்றபடியே எந்த வரிசையில் எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவாராம். மெஷினின் சத்தம் மாறியதை வைத்தே எந்த ஆள் தூங்குகிறான் என்று கண்டுபிடித்து, போய்த் தோளைத் தொட்டு, “ஊட்டுக்குப் போயித் தூங்குங்க, நாளைக்கும் வரவேண்டாமுங்க” என்பாராம். இதைச் சொல்லும்போது அவர் முகம் மலரும்.

ஆட்கள் காதில் கழிவுப் பஞ்சை அடைத்துக்கொள்வதுண்டு. அதை அவர் விட்டதில்லை.

“காத அடைச்சுக்கிட்டா மெசினு சொல்றது எப்படிங்க கேக்கும்? எடுக்கச் சொல்லிருவனுங்க. தெனமும் மில்லு கேட்டுல நின்னு பாப்பனுங்க. மில்லுல இருந்தவனெல்லாம் கடைசில செவிடாத்தான் போனானுங்க. நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன். அது சாமி குடுத்ததுங்க.”

என் அப்பாவும் மில்லில் இருந்தவர்தான், வேறு மில். வீட்டில் டிவி முழுச் சத்தத்தில் ஓடும். அம்மா சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் போய்த் தோளைத் தட்ட வேண்டும். இதை நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை. ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் மாட்டியிருந்தது மலிவான ஃபேன். அதை எடுத்துவிட்டு, உள்ளே குண்டு பேரிங் வைத்த நல்ல ஃபேன் ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “கீச்சு போயிருச்சுங்க, இப்ப ஒரு ரீங்காரம் வருதுங்க” என்றார். அதையும் எடுத்துவிட்டு, எண்ணெய் பேரிங் வைத்ததைப் போட்டேன். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, கீச்சு திரும்பி வந்துவிட்டது என்றார். கம்ப்யூட்டர் டப்பாவைப் பக்கத்து அறையில் வைத்து நீளமான ஒயர் இழுத்துத் தருகிறேன் என்றேன். “சத்தத்தத் தூக்கி ஹாலுல வெச்சா சத்தம் போயிருமுங்களா?” என்றார்.

நான்காவது முறை போனபோது என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

“கண்ண மூடுங்க அம்மணி.”

மூடினேன். பின்னால் எங்கேயோ குண்டூசி ஒன்றைப் போட்டார். எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். இரண்டாவது ஊசி. தெரியவில்லை என்றேன். மூன்றாவது ஊசி விழுந்தது எனக்குக் கேட்கவே இல்லை. மருமகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்கச் சொன்னார். அன்பாகச் சிரித்தார்.

“உங்க மேல தப்பில்லீங்க. காது இருந்தாத்தான சத்தம் கேக்கும்?”

நான் கடைக்குத் திரும்புவதற்குள் முதலாளிக்குப் போன் போயிருந்தது. “நல்ல புள்ளைங்க, மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க. ஆனாக் காது மந்தமுங்க. வேற ஆளு இருந்தா அனுப்புங்க.” முதலாளி அதைக் கடையில் எல்லோர் முன்னாலும் அப்படியே நடித்துக் காட்டினார். அன்றிலிருந்து கடையில் எனக்குப் பெயர் செவிடி. நான் கதவருகில் வந்தாலே யாராவது கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக் காட்டுவார்கள். அந்தக் கடையை விட்டுப் போகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. வேறு ஆள் மட்டும் யாரும் வடவள்ளிக்குப் போகச் சம்மதிக்கவில்லை. மறுபடியும் நானே போனேன்.

மருமகள் என்னிடம் பேசியது அதற்குப் பிறகுதான். மாஸ்டர் சாயங்காலம் நடக்கப் போயிருந்த நேரம். அவர் வெளியே இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவள் மிக்ஸி போடுவாள். சட்னி, மசாலா, இட்லி மாவு என எல்லாவற்றையும் அதற்குள் அரைத்துக்கொள்ள வேண்டும். குக்கர் பரண்மேல் கிடந்தது. விசில் ஆகாது என்று சோறு வடிக்கத்தான் செய்வாள். புருஷன் பம்ப்செட் கம்பெனி விற்பனையில் இருந்தார். மாதத்தில் பாதி நாள் வெளியூர்.

மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து கேட்டாள். “ஏனுங்க, இந்தச் சத்தத்த நிறுத்த முடியுமுங்களா, முடியாதுங்களா? நெசத்தச் சொல்லுங்க.”

“எதுக்குங்க இவ்வளவு அவசரம்?”

அவளுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. பனி நாளில் பாப்பாவுக்கு மூச்சு இழுக்கும். மார்பில் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அது சுவர் தாண்டிக் கேட்கிறது என்று மாஸ்டர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். மூன்றாம் நாள் மகனையும் மருமகளையும் கூப்பிட்டு, “கொழந்தைய நான் ஒண்ணும் சொல்லலீங்க. அன்னூர்ல மருமகளோட ஆத்தா ஊட்ல இருக்கட்டுமுங்க, காத்து நல்லா இருக்கும்” என்றார். மகன் தகப்பனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். பாப்பா மூன்று மாதமாக அன்னூரில் இருந்தது. இவள் சனிக்கிழமை பஸ்ஸில் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள்.

“போன வாரம் கேட்டேனுங்க, பாப்பாவக் கூட்டிட்டு வந்துரட்டுங்களான்னு. மொதல்ல இந்த மெசினு சத்தம் அடங்கட்டும், ரெண்டு சத்தத்த ஒண்ணாத் தாங்க முடியாதுன்னு சொல்லிப்போட்டாருங்க.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி மிக்ஸியைப் போட்டாள்.

இதற்குப் பிறகு எனக்கு அந்த மெஷின் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அதைப் பற்றி யோசித்தேன். பெரிய தடை மாஸ்டரின் அறைதான். சத்தம் வரும் என்று ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். மேலே ஃபேன் போடமாட்டார். பங்குனி வெயிலில் அந்த அறை வேகும். அறை காயக் காய ப்ராசஸர் காயும், ப்ராசஸர் காயக் காய ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் பாதிச் சத்தம் குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப மயிலு கத்தறத நீங்க வந்து நிறுத்துவீங்களா?” என்றார்.

ஆகவே ப்ராசஸர்மேல் ஃபேனே இல்லாமல் செய்வது என்று முடிவு செய்தேன். கணபதியில் பம்ப் பாகங்கள் கடைகிற ஒரு பட்டறைக்குப் போய், உள்ளங்கையை விரித்த அகலத்துக்கு ஒரு அலுமினியக் கட்டியில் சீப்புப் பற்கள் மாதிரி ஆழமாக வெட்டித் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் இது எந்தப் பம்புக்கு என்று கேட்டார். சூட்டை அதுவே வாங்கிக் காற்றில் விடும்படி ப்ராசஸர்மேல் பசை தடவி உட்கார வைத்தேன். ப்ராசஸரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். கணக்குப் போட அதுவே போதும். பின்பக்கத்து ஃபேனை மெல்லச் சுற்றும்படி செய்தேன். ஹார்ட் டிஸ்க்கை சைக்கிள் டியூப் பட்டைகளில் தொங்கவிட்டேன். கடையில் இரண்டு நாள் ஓடவிட்டு, டப்பாவில் காதை வைத்துக் கேட்டேன். செவிடிக்கு எப்படியும் கேட்காது என்று சிரித்தார்கள். அவர்களையும் கேட்கச் சொன்னேன். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

கொண்டுபோய் மாட்டியது ஒரு நடுப்பகல். மாஸ்டர் வழக்கம்போல் கதவைத் தவிர எல்லாவற்றையும் சாத்தினார். மானிட்டருக்கும் ஒரு சத்தம் உண்டு என்று அதை நிறுத்தச் சொன்னார். டப்பாவின் முகப்பில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அவர் மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடினார். மருமகள் வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஹாலில் ஃபேன் அதிக ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். “இருக்குதுங்க,” என்றார்.

அப்போதுதான் பச்சை விளக்கு அணைந்தது. நான் தொடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஹால் ஃபேன் தளர்ந்து, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்து, நின்றது. கரண்ட் போய்விட்டது. மருமகளும் திரும்பி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் உறுமல்கூட இல்லை. வீடு கிணற்றுக்குள் இருப்பது போல இருந்தது.

“இப்ப இன்னும் எச்சாக் கேக்குதுங்க,” என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமல். “முன்ன இப்படி இல்லீங்க. ஊசியாட்ட ஏறுது.”

அந்த நொடியிலேயே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“எந்தப் பக்கமிருந்துங்க மாஸ்டர்?”

“டப்பாவோட எடது மூலைங்க.”

“நல்லாக் கேட்டுச் சொல்லுங்க.”

“இதுல என்னங்க நல்லா? பேரிங்கு சத்தமுங்க. நாப்பது வருசக் காதுங்க இது.”

“இப்பவும் கேக்குதுங்களா?”

“கேக்குதுங்க.”

“சந்தேகமில்லீங்களே?”

“உங்களுக்குக் கேக்காதுங்க அம்மணி. எனக்குக் கேக்குதுங்க.”

“கண்ணத் தொறந்து பாருங்க மாஸ்டர். கரண்ட் போயி ரொம்ப நேரமாச்சுங்க.”

திறந்தார். டப்பாவைப் பார்த்தார். எழுந்து சுவிட்சைப் போட்டு அணைத்தார், மறுபடி போட்டார். ஹாலுக்குப் போய் ஃபிரிட்ஜில் காதை வைத்தார். வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு அருகே நின்றார். எங்கும் கரண்ட் இல்லை. திரும்பி வந்து ஹால் நடுவில் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கிப் பொத்தினார். பொத்தியதும் அவருடைய முகம் போன போக்கை நாங்கள் இருவரும் பார்த்தோம். பொத்தினால் இன்னும் அதிகமாகக் கேட்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

மருமகள் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரண்மேலிருந்து குக்கரை எடுத்தாள். தூசி தட்டி, கழுவி, பருப்பு போட்டு அடுப்பில் வைத்தாள். நான் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது முதல் விசில் வந்தது. மாஸ்டர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கவில்லை. அவள் நான்கு விசில் விட்டாள். பருப்புக்கு இரண்டு போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பாப்பா வந்துவிட்டது. அதைத் தூக்கி வந்தவர் மாஸ்டரின் மகன்.

இரண்டு வாரம் கழித்து மருமகள் கடைக்குப் போன் செய்தாள். மாஸ்டர் இனி மாடி அறையில்தான் இருப்பார், கம்ப்யூட்டரையும் அங்கே மாற்ற வேண்டும் என்றாள். போனபோது விவரம் சொன்னாள். காது டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். மில் சத்தத்தில் கெட்டுப்போன காது என்றாராம் டாக்டர். மெல்லிய சத்தங்களில் பாதி அவருக்குக் கேட்பதே இல்லை. அந்தக் கீச்சு காதுக்குள்ளேயே பிறக்கிறது, மருந்து கிடையாது. நிசப்தத்தில் அதிகமாகத் தெரியும். பக்கத்தில் ஒரு ஃபேனோ ரேடியோவோ மெல்ல ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் அமுங்கும், தூங்கவும் முடியும்.

“மாஸ்டர்கிட்டயும் சொன்னாருங்களா?”

“அவரு முன்னாடிதாங்க சொன்னாரு. பேசாமக் கேட்டுட்டு வந்தாரு. இன்னிக்கு வரைக்கும் அதப் பத்தி வாயே தொறக்கல.”

மாடி அறை வீட்டின் பின்பக்கம், தென்னந்தோப்பைப் பார்த்து இருந்தது. கீழே நடப்பது எதுவும் அங்கே கேட்காது. மேலே கொக்கியில் ஃபேன் இல்லை. நான் கொக்கியைப் பார்த்ததை அவள் கவனித்தாள்.

“மாமாவுக்குத்தான் ஃபேன் ஆகாதுங்களே. சத்தமே இல்லாத ரூமு வேணுமுன்னு எத்தன வருசமாக் கேட்டுட்டு இருந்தாரு.”

“டாக்டரு சொன்ன மாதிரி சின்னதா ஒண்ணு வெச்சுரட்டுங்களா?”

“அவரே கேக்கட்டுங்க,” என்றாள். குரலில் கோபமே இல்லை. மாமனாரைப் போலவே பேசினாள். “கேட்டா அந்த நிமிசமே போட்டுரலாமுங்க. நாமளாப் போட்டா மறுபடியும் சத்தம் சத்தம்னு ஆரம்பிச்சுருவாரு.”

அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. மெஷினை வைத்து, ஓடவிட்டு, பசுமாடு மாதிரி அமைதியாக இருந்ததைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். மூன்று வேளையும் சாப்பாடு மாடிக்குப் போகும். பூனை நடையில் போய் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வருவாளாம்.

கடைசியாக அவரைப் பார்த்தது அடுத்த வருஷம் வெயில் தொடங்கிய நேரம். பிரிண்டர் காகிதத்தைப் பிடிக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். மாஸ்டர் இளைத்திருந்தார். சவரம் செய்து நாட்கள் ஆகியிருந்தன. திரையில் நூல் கணக்கு திறந்திருந்தது, போன வருஷத்து எண்கள். மில்காரர்கள் மாடி ஏறி வருவது குறைந்திருந்தது. நான் பிரிண்டரைச் சரி செய்து முடிக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மணி, மெசினு சூடாகுதுங்க. ஒரு ஃபேனு போட்டாத் தேவலைங்களா?”

திறந்து அலுமினியக் கட்டியைத் தொட்டேன். திரையில் சூட்டைக் காட்டும் எண்ணையும் பார்த்தேன். “சூடே இல்லீங்க மாஸ்டர். இன்னும் முப்பது டிகிரி ஏறுனாலும் தாங்குமுங்க.”

“சத்தமாச் சுத்துனாலும் பரவாயில்லீங்க.”

“மெசினுக்கு வேண்டாமுங்க.”

அவர் தானும் கையை நீட்டி அந்தக் கட்டியைத் தொட்டார். கையை எடுக்கவில்லை.

“உங்களுக்கு வேணுங்களா மாஸ்டர்?” என்றேன்.

கீழே பாப்பா விளையாடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அறையில் எதுவும் கேட்கவில்லை.

“ஆமாங்க,” என்றார். “முடியறதில்லீங்க அம்மணி. மருமககிட்ட நீங்க சொன்னாக் கேப்பாங்க. எனக்குக் கேக்க வாய் வரலீங்க.”

“சொல்றேனுங்க,” என்றேன்.

அவர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே மருமகள் எனக்குக் காபி வைத்திருந்தாள். பாப்பா கொலுசோடு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

“மாமா ஏதாச்சும் கேட்டாருங்களா?”

காபியை ஆற்றினேன்.

“இல்லீங்க,” என்றேன். “ஒண்ணும் கேக்கலீங்க.”